இல்லைக் கணக்கு

காசிமேட்டில் எங்கள் ஐஸ் கம்பெனிக்கு
மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் லாஞ்சுச் சத்தம்.
உப்புத் தொட்டியில் இறக்கிய தகர டப்பாக்கள்
மறுநாள் ஐம்பது கிலோ பாராக எழுந்து வரும்.
எனக்குத் தெரிந்த கணக்கு
எத்தனை பார் போட்டோம், எத்தனை பார் போச்சு.

போன வருஷம் தரமணியிலிருந்து ஒரு தம்பி வந்தான்.
மூன்று வருஷ பில்லையும் லேப்டாப்பில் ஏற்றி
கலர் கலராய் வட்டம் போட்டுக் காட்டினான்.
நீலம் லாஞ்சு, பச்சை லாரி, மஞ்சள் ஏற்றுமதி.
"உங்க பிசினஸ் ஸ்டெடி சார்."
காசை வாங்கிக்கொண்டு
அம்மோனியா நெடிக்கு மூக்கில் வைத்த கைக்குட்டையை
மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனான்.

பில் போடும் தில்ஷாத்துக்கு
ராத்திரி ஒன்றிலிருந்து விடியும் வரை வேலை.
பில் புத்தகத்தின் பின்னட்டை முழுக்கக்
கோடு கோடாய்க் கிறுக்கியிருந்தாள்.
சத்தம் போட்டேன்.
"இன்னா இது, கோலமா?"
"கோலம் இல்ல சார்.
நாம இல்லன்னு சொன்னது."

நாலு கோடு, குறுக்கே ஒன்று.
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
கூடைக்காரம்மாக்கள் வந்து கேட்பார்கள்,
கால் பார் கெடைக்குமா, ஒரு சட்டி தூள் கெடைக்குமா.
முழு பார்தான் என்போம்.
போய்விடுவார்கள்.
அவர்கள் போனது எந்த பில்லிலும் ஏறாது,
எந்த வட்டத்திலும் அதற்குக் கலர் கிடையாது.

நாற்பத்தொரு ராத்திரி, அறுநூற்றுப் பதிமூன்று கோடு.
மூன்று மணிக்கு மேல் நெருக்கியடித்து.
செவ்வாய் மெலிசு, சனி ராத்திரி கொழுப்பு.
மழை கொட்டிய அன்றும் குறையவில்லை.
ஒரு கோடு மட்டும் சிவப்பு மையில்.
"அது நான் கேட்டது சார், தீபாவளிக்கு. சம்பளம்."

எத்திராஜ் முதலில் முறைத்தார்.
"அம்பது கிலோவுக்குக் கட்டின தொட்டி.
இதுல இட்லி ஊத்தச் சொல்றீங்க."
ரெண்டு நாள் பேசவில்லை.
மூன்றாம் நாள் பழைய டப்பாக்களை அறுத்து
அவரே தகடு பற்றவைத்தார்,
ஐந்து கிலோ அச்சு.
முதல் ஈடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.
சுத்தியால் தட்டியதில் நாலு கட்டி தூளாகிப் போச்சு.
நான் தலையில் கை வைத்து நிற்கையில்
தில்ஷாத் தூளைச் சட்டிக் கணக்கில் விற்றுவிட்டாள்.
அதையும் எழுதிவைத்தாள்: தூள்தான் முதலில் தீர்ந்தது.

ஒரு ராத்திரிக்குப் பதினைந்து கோடு.
தைரியத்துக்கு ஐந்து சேர்த்து
இருபது கட்டி போட்டோம் ஒரு சனிக்கிழமை.
இரண்டே முக்காலுக்கு ஒன்றும் மிச்சமில்லை.
வாசலில் இன்னும் முப்பது பேர்,
காலி அன்னக்கூடை, பெயிண்ட் பக்கெட்,
ஒருத்தர் கையில் குக்கர்.
பாதி முகம் தில்ஷாத்துக்கே புதுசு.

முன்னால் நின்ற கன்னியம்மாவைக் கேட்டேன்,
"நீ ஒரு நாளும் வந்து கேட்டதே இல்லையே?"
"கேட்டனே.
பதினோரு வருஷம் முன்ன, ஒரு வாட்டி.
இல்லன்னுட்டீங்க.
தெனம் வந்து அதையே கேட்டுக்கினு நிப்பாங்களா?"

கேட்டவர்களுக்குத்தான் கோடு போட்டிருந்தோம்.
கேட்பதை விட்டவர்கள்
எங்கள் சுவரைத் தாண்டி இத்தனை வருஷம்
ஐஸ் இல்லாத கூடையைத் தூக்கிக்கொண்டு
வெயிலுக்கு முன் விற்றுத் தீர்க்க ஓடியிருக்கிறார்கள்,
கேட்ட விலைக்கு.

தில்ஷாத் புதுப் பக்கம் திருப்பினாள்.
கூலிங் ரூம் கதவிலிருந்து ஒழுகிய தண்ணீர்
பக்கத்தின் ஓரத்தை நனைத்தது.
"இவங்கள எங்க சார் எழுதறது?"
எனக்குத் தெரியவில்லை.
சம்பளத்தில் ஆயிரம் ஏற்றியிருக்கேன் என்றேன்.
"கேட்டது ரெண்டு" என்றாள், எழுதிக்கொண்டே.

உள்ளே எத்திராஜ்
வெல்டிங் கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.