மூன்றே மூன்றுதானே

தொலைபேசியில் கேட்டபோது படி இல்லை என்றார்கள்.
வந்து பார்த்தால் மூன்று.
"மூன்றே மூன்றுதானே" என்கிறான்
வாசலில் கோட்டுப் போட்ட பையன்,
எனக்கு எண்ணத் தெரியாததுதான் சிக்கல் என்பதுபோல.

நாலு பேர் சேர்ந்து தூக்கிவிடலாமாம்.
பாட்டரியோடு என் நாற்காலி நூற்றிருபது கிலோ.
என் எடையைச் சொல்வதாயில்லை.
பத்தூமியில் ஒரு கல்யாணத்தில் இப்படித்தான் தூக்கினார்கள்,
பாதிப் படியில் ஒருவனுக்குத் தும்மல் வந்தது.

ஆகவே பின்பக்கம்.
திபிலீசியில் எந்த உணவகத்தின் முகப்பும் எனக்குத் தெரியாது,
சமையலறைகளைக் கேளுங்கள்:
ஆற்றங்கரைக் கடையில் வால்நட் அரைக்கிற எந்திரம்
வாரம் ஒருமுறை படுத்துக்கொள்ளும்.
ஓபரா பக்கத்தில் பாத்திரம் தேய்க்கும் பாட்ரிக்கு
மூத்த மகள் பல் டாக்டராகிவிட்டாள்.
இங்கே, குப்பைத் தொட்டிக்கும் வெங்காய மூட்டைக்கும் நடுவே
எழுபத்திரண்டு சென்டிமீட்டர்.
என் சக்கரங்களுக்கு அறுபத்தெட்டு.
மீதி நாலில் என் முழங்கைகள்.

உள்ளே, நிலவியல் படித்த எங்கள் வகுப்பு,
இருபத்தைந்து வருடம் கழித்து.
ஒயின், ரொட்டி, வழுக்கைகள்.
யாரும் மோசமானவர்கள் இல்லை.
லம்சீரா கேட்காமலே என் தட்டில் கறியை நறுக்கினாள்.
கை எனக்கு நன்றாகவே இருக்கிறது என்றேன்,
சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் நறுக்கினாள்.

கடைசியில் படம்.
"எல்லாரும் வாசலுக்கு வாங்க,
படியில் நின்றால் அடுக்கடுக்காக முகம் தெரியும்."
எனக்குக் கீழே ஓரமாக ஓர் இடம் காட்டினார்கள்,
பாறையைப் படமெடுக்கும்போது
அளவுக்காகப் பக்கத்தில் வைப்போமே சுத்தியல்,
அந்த இடம்.

நான் சமையலறைப் பக்கம் திரும்பிவிட்டேன்.
"முற்றத்தில் எடுக்கலாம், வருகிறவர்கள் வாருங்கள்."
பதினொரு பேர் வந்தார்கள்,
மூட்டையோரம் ஒருக்களித்து,
புதுச் சட்டையில் எண்ணெய் பட.
மற்றவர்கள் படியிலேயே நின்றார்கள்.
இப்போது இரண்டு படம் இருக்கிறது.
ஒன்றில் நான் இல்லை.
இன்னொன்றில், யாரும் கூப்பிடாமலே,
அகப்பையோடு சமையல்காரி த்சியாலா.

நேற்று அந்தப் பையன் போன் செய்தான்.
பெயர் தோர்னிகேயாம்.
"சரிவுமேடை போட எவ்வளவு நீளம் வேண்டும்?"
படி ஒன்று பதினேழு சென்டிமீட்டர்,
அன்றே கண்ணால் அளந்துவிட்டேன்.
ஒன்றுக்குப் பன்னிரண்டு என்றால்
ஆறு மீட்டருக்கு மேல்.
"நடைபாதையே மூன்று மீட்டர்தானே."
மலைப்பாதை எது நேராக இறங்குகிறது, தோர்னிகே?
பாதியில் திருப்பு.

அந்தப் பக்கம் சற்று மௌனம்.
பிறகு
பேனா தேடும் சத்தம்.