மடியில் கனம்

என் வேலை மடி பார்ப்பது.
நியூகாசிலில், பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில்
தினம் எட்டு மணி நேரம்
தலையில்லாத மனிதர்கள் என் திரையில் வந்து உட்காருகிறார்கள்.

கழுத்துக்கு மேலே வெட்டித்தான் அனுப்பும் கணினி.
அந்தரங்கமாம்.
முகத்தை மறைத்துவிட்டு மடியைக் காட்டுவதற்கு
அப்படி ஒரு பெயர்.

பெல்ட். தொப்பை. சிந்திய வறுவல்.
ஸ்டீயரிங்கில் இரண்டு கை,
அல்லது ஒன்று.
ஆம் என்றால் வலது பொத்தான், இல்லை என்றால் இடது.
ஒரு மடிக்கு ஆறு விநாடி.

முதல் வாரம் எல்லாரும் காதில்தான் வைத்திருந்தார்கள், வெகுளிகள்.
தூக்கிய முழங்கையே காட்டிக்கொடுத்துவிடும்.
அப்புறம் தேறிவிட்டார்கள்.
கம்பளித் தொப்பிக்குள் செருகிக்கொண்டவர்கள்
என்னிடம் அகப்படுவதே இல்லை,
தலைதான் வராதே.
தொடைக்கு அடியில், பர்கர் பைக்குள்,
ரப்பர் பட்டை போட்டு ஸ்டீயரிங்கின் நடுவில்.
குழாய் ரிப்பேர்க்காரர் ஒருவர்
ரொட்டியைக் குடைந்து அதற்குள் பொருத்தியிருந்தார்,
கடிக்கிற பாவனையில் பேசிக்கொண்டே போயிருப்பார்.
அன்று மதியம் நான் சாண்ட்விச் சாப்பிடவில்லை.

ஒருமுறை பின்னிருக்கையிலிருந்து ஒரு சின்னக் கை,
நகமெல்லாம் பச்சைச் சாயம்,
அப்பாவுக்காகத் திரையைப் பிடித்துக்கொண்டு நீண்டிருந்தது.
ஆறு விநாடி போதவில்லை எனக்கு.

பக்கத்து மேசை தவிதா, சமோவாக்காரர்,
ஞாயிறானால் தேவாலயத்தில் அடித்தொண்டையில் பாடுகிறவர்.
விளிம்பு மங்கலான எதைப் பார்த்தாலும்
"சாக்லேட்" என்று முணுமுணுத்து இடதை அழுத்துவார்.
இவ்வளவு சாக்லேட் தின்கிற ஊரா இது
என்று நான் சிரிப்பேன்.
நான் கறார். என் கணக்கு தப்பாது.

அந்த வியாழன்,
ஹெக்ஸம் பாலம் தாண்டி மழை.
பார்னிக்குக் குடலில் அறுவை,
காலுறை விழுங்கிவிட்டது, முட்டாள் நாய்.
கேமரா எந்தக் கம்பத்தில் என்று எனக்குத் தெரியாதா?
கம்பம் வருமுன் பார்த்துவிடலாம் என்றுதான்.
ஒரே ஒரு வரி, மருத்துவரிடமிருந்து:
கண் விழித்துவிட்டது.
நானும் நிமிர்ந்தேன்.
கம்பம் தலைக்கு மேல் போய்க்கொண்டிருந்தது.

நூற்றெண்பது கிராம் இருக்கும்.
வீடு வரைக்கும் கனத்தது.

படங்கள் வந்துசேர நாலைந்து நாள் ஆகும்.
செவ்வாய்க்கிழமை பதினொன்றேகாலுக்கு
தவிதாவின் பொத்தான் சத்தம் நின்றது.
ஆறு விநாடி. பன்னிரண்டு.
கீழே யாருக்கோ பல்லில் துளையிடுகிறார்கள்.
நான் திரும்பவில்லை; ஓரக்கண்ணுக்கு
மஞ்சள் போதும்.
மஞ்சள் பாவாடை, அதில் வரிசையாய்க் கூழைக்கடாக்கள்,
அலுவலக விருந்துக்கு உடுத்தி வந்தது,
"பறந்துவிடாதே" என்று அவரே கிண்டலடித்தது.

"மெரின்," என்றார் திரையைப் பார்த்தபடி,
"இது சாக்லேட்தானே."

என் திரையில் யாரோ ஒருவரின் மடி,
வெறும் மடி,
ஆறு விநாடி எப்போதோ முடிந்து
காத்துக்கொண்டிருந்தது.