கட்டியவன் தூங்குகிறான்

ஐந்து ஐம்பது.
கிளாக்ஸ்விக் துறைமுக அலுவலகத்தில்
ஹீட்டர் மட்டும் முணுமுணுக்கிறது.
ஆறரைக்கு ஆய்வுப் படகு கிளம்பும்.
இரண்டு வாரத்து ஓத அளவுகள்
இந்த டிஸ்கில்தான் அதில் ஏற வேண்டும்.

கழற்று என்கிறேன்.
மாட்டேன் என்கிறது கணினி.
ரூட் சொல்லட்டும்,
இல்லை, மாட்டியவர் வரட்டும்.

மாட்டியவன் யெக்வன்.
இரவுப் பணி முடிந்து
போனை அணைத்துவிட்டுத் தூங்குகிறான்.
அவனைச் சொல்லிக் குற்றமில்லை.
போன மாதம் அவன் கெஞ்சியதால்தான்
அந்தக் கோப்பின் நான்காம் கட்டத்தில்
'யூசர்' என்றொரு சொல் சேர்ந்தது.
அதற்கு முன்
மாட்டவே அருகதையில்லை எங்களில் யாருக்கும்.

வயரைப் பிடுங்கிவிடலாம்.
பிடுங்கியிருக்கிறேன், ஒருமுறை.
ஒரு செவ்வாய்க்கிழமையின் கடல் முழுவதும்
பூஜ்ஜியமாய் வந்தது.

ஜன்னலுக்கு வெளியே
ஒரே இரும்புக் குற்றியில் இரண்டு படகுகள்.
பிந்தி வந்தவன்
தன் கயிற்றின் கண்ணை
முந்தியவன் கண்ணுக்குள் கீழிருந்து நுழைத்து
மேலே மாட்டியிருக்கிறான்.
யார் முதலில் போனாலும்
மற்றவனை எழுப்ப வேண்டாம்.

ரூட் என்றால் வேர்.
எங்கள் வேர் வேறு தீவில் இருக்கிறார்:
ஹெர்கெய்ர், தோர்ஷவ்னில்,
கைக்குழந்தையும் பால் புட்டியுமாக.

"மார்யுன்? யார் மாட்டியது?"
"யெக்வன்."
"ம்."
குழந்தை வீறிடுகிறது.
ஒற்றைக் கையால் தட்டுகிறார் போலும்,
விசைகள் நொண்டி நொண்டி விழுகின்றன.
"இப்போ பாரு."

பார்த்தேன்.
யூசர், யூசர்ஸ் ஆகியிருந்தது.
அவ்வளவுதான்,
வாலில் ஓர் எழுத்து.

கழற்று என்றேன்.
கணினி ஒன்றும் சொல்லவில்லை.
நல்ல சேதியை அது அப்படித்தான் சொல்லும்.

கோட்டுப் பித்தான் போடாமல் ஓடினேன்.
டிஸ்க் இன்னும் சூடாக இருந்தது,
சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.
படகிலிருந்து ரன்வா கை நீட்டினாள்,
ஈரக் கையுறையைப் பல்லால் கழற்றிவிட்டு.
கீழ்க் கயிறு உருவப்பட்டது.
மேல் கயிறு அசையக்கூட இல்லை.

பதினொரு மணிக்கு யெக்வன் கேட்டான்:
"ஏதாவது தப்பாயிடுச்சா?"
இல்லை என்று எழுதினேன்.
அழித்தேன்.
'நீ மாட்டினதை நான் கழற்றிட்டேன்' என்று அனுப்பினேன்.

கட்டைவிரல் ஒன்று வந்தது.
தூக்கக் கலக்கத்தில்
இன்னொன்றும்.