ஒரு கரண்டி குறைவு

ஊழியர் டிக்கெட்டுக்கு ஜீன்ஸ் ஆகாது.
தம்பி கல்யாணத்துக்குத் தைத்த கால்சட்டையில்
மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் இருதயராஜ்.
துபாயில் இரவு மணி இரண்டு.
"இடமிருந்தால்தான்" என்று மூன்று முறை சொன்ன கவுண்டர்ப் பெண்
கடைசியில் இரண்டு சீட்டுகளை நீட்டினாள்.
கதவருகே இடப்பக்கம் திரும்பச் சொன்னார்கள்.
ஏறிய எந்த விமானத்திலும்
நான் இடப்பக்கம் திரும்பியதில்லை.

மொரிஷியஸ். நான்கு பகல், மூன்று இரவு.

ஜன்னல் அவருக்கு. 7ஜே எனக்கு.
நடுவே ஒரு தடுப்பு,
பொத்தானை அமுக்கினால் இறங்குகிறது.
கிஸைஸில் எங்கள் அறைக்கும் தடுப்பு உண்டு:
பிளைவுட், மாதம் ஆயிரத்து நானூறு திர்ஹாம்.
அந்தப் பக்கம் கோட்டயத்துக் குடும்பம் இருமினால்
இந்தப் பக்கம் நாங்கள் தண்ணீர் குடிப்போம்.
அதற்குப் பொத்தான் வைக்கவில்லை.

ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார்.
"உள்ளே வரலாமா?" என்றார்.
சக்கரம் தரையை விடுமுன்னே தூங்கிப்போனார்.

தட்டு வந்தது.
எனக்குத் தெரிந்த தட்டு.
உப்புக் குப்பி வலது மூலையில்
ஒரு விரல் தள்ளி நிற்கும், நிற்கிறது.
ஏழு வருஷமாக ஆறாம் வரிசையின் முடிவில் நின்று
ராத்திரிக்கு நாலாயிரம் தட்டு பார்த்த கண்,
விடுமுறை என்றால் கேட்குமா?

துணியைப் பிரித்தேன்.
கத்தி. பெரிய முள். சின்ன முள். சூப்புக்கு ஒன்று.
இனிப்புக் கரண்டி இல்லை.

எண்ணினேன். துணியை உதறினேன்.
மடியைப் பார்த்தேன், இருக்கை இடுக்கில் கைவிட்டேன்.
இல்லை.

துணி சுற்றிய காகிதப் பட்டையின் உட்புறம்
பொடி எழுத்தில் முப்பத்தொன்று.
முப்பத்தொன்று என்றால் பிமலா.
கை இங்கே மடித்துக்கொண்டிருக்கும்,
காது ஜாப்பாவில்
காய்ச்சலோடு புரளும் மகனிடம் இருக்கும்.

பயணி ஒரு வார்த்தை சொன்னால் அது தாளாகும்.
தாள் அடுத்த வாரம் என் மேசைக்கு வரும்.
ஐம்பது திர்ஹாம் பிடிக்கச் சொல்லி
நானே கையெழுத்துப் போட வேண்டும்.

"எல்லாம் சரியாக இருக்கிறதா, மேடம்?"
குனிந்து கேட்டாள் பணிப்பெண்.
மேடம் யாரென்று ஒரு நொடி தேடினேன்.
"ரொம்பச் சரி."
பேரீச்சம்பழப் புட்டிங்கை
வெண்ணெய்க் கத்தியால் தின்று முடித்தேன்.
நாக்கு கிழியாமல் தின்ன
ஒரு நிதானம் வேண்டும்.

இருக்கை படுக்கையானது.
திரையில் ஓமன் தீர்ந்து கடல் வந்தது.
இது நான் படுக்கிற நேரமில்லை.
முதுகு படுத்துக்கொண்டது,
கால்கள் மட்டும் நின்றுகொண்டே இருந்தன.
முன் இருக்கையில்
முழுப் பணமும் கொடுத்தவர் குறட்டை விடுகிறார்.
தடுப்புக்கு அப்பால்,
பத்தில் ஒரு பங்கு கொடுத்த என் புருஷன்
அதைவிடச் சிறப்பாக.

காலைத் தட்டில் குறையில்லை.
தின்று முடித்ததும் கை அதன் வேலையைப் பார்த்தது:
பீங்கானைப் பீங்கானோடு, கண்ணாடியைத் தனியே,
முள்ளெல்லாம் ஒரே திசையில், துணியைக் கிண்ணத்துக்குள்.
எடுக்க வந்தவள் நின்றாள்.
தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"எந்தப் பிரிவு?" என்றாள், மெதுவாக.
"தட்டு."
அப்புறம் காபி கொண்டுவந்தபோது
அவள் குரலில் மேடம் கழன்றிருந்தது.
நன்றாக இருந்தது, காபியும்.

இறங்கி நின்றோம்.
எல்லாரும் எழுந்து பெட்டி எடுக்கிறார்கள்.
இவர் மட்டும் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு.
"கடல் தெரியுதா?"
"பேசாதே."
கீழே ஓர் உணவு வண்டி நெருங்கி,
பெட்டியை உயர்த்திக் கதவை அணைக்கப் பார்க்கிறது.
"நாலு விரற்கடை விலகி வர்றான். புதுப் பையன்."
சொல்லிவிட்டு,
விலையுயர்ந்த அந்தக் கம்பளத்தின் மேல்
இல்லாத பிரேக்கை
வலது காலால் மெல்ல அழுத்தினார்.