எல்லைக்குக் கீழே

ஆறாவது மீட்டரில் பாறை தட்டுப்பட்டது.
"கருங்கல். நல்ல கல்," என்றான்
எஸ்டர்சுண்டிலிருந்து துளைபோட வந்த தூர்பியோர்ன்,
காதடைப்பைக் கழற்றாமலே.

மூன்று மீட்டர்க் கம்பிகளை
ஒவ்வொன்றாய் விழுங்கியது தரை.
மதியத்துக்குள் சாம்பல் கூழ்
புல்லில் வழிந்து, ராஸ்பெர்ரிச் செடிகளை மூழ்கடித்து,
வேலி தாண்டிப் போனது.

வேலிக்கு அப்பால் குன்வோர்.
பதினோரு வருடமாய் எங்களுக்குள் பேச்சில்லை.
ஒரு பிர்ச் மரம். வெட்டியது நான்.
கண்ணாடிக் குவளையோடு வந்து நின்றாள்:
அவள் கிணற்று நீர், பால் கலந்தது போல.
"குடி," என்றாள்.

குடித்தேன்.
பல்லில் நறநறத்தது கருங்கல்.

அன்றிலிருந்து காலையும் மாலையும்
இரண்டு வாளி அவள் வாசலில்.
ஐந்தாம் நாள் வாளிகள்
கழுவிக் கவிழ்த்துக் கிடந்தன என் படியில்.

போகும்போது தூர்பியோர்ன் சொன்னான்:
"நூற்றித் தொண்ணூறு மீட்டர்.
நேராகத்தான் தொடங்கினேன்.
ஆழத்தில் துளை கொஞ்சம் சாயும்.
எந்தப் பக்கம் என்று கேட்காதே."

இப்போது ஜனவரி. வெளியே மைனஸ் இருபத்தாறு.
நிலவறையில் பம்ப் முனகுகிறது.
ஒரு டிகிரியில் இறங்கும் திரவம்
நான்கில் ஏறி வருகிறது.
அந்த மூன்றில்
எவ்வளவு அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து?

அவள் புகைபோக்கியில் விறகுப் புகை.
எழுந்து போய்ச் சொல்லிவிடலாம்.
இன்று வேண்டாம், பனி அதிகம்.
காலுறை இல்லாமல் தரையில் நிற்கிறேன்,
கடன்காரனைப் போல,
கதகதப்பாக.