எட்டு சென்ட்

பியர் பாட்டிலுக்கு எட்டு சென்ட்,
பிளாஸ்டிக்குக்கு இருபத்தைந்து.
லைப்சிக் வந்த மூன்றாம் வாரம்
இலக்கணத்துக்கு முன்னால்
நான் மனப்பாடம் செய்தது இது.

வங்கியில் என் பேரில் பணம் உண்டு,
விசாவுக்காகப் பூட்டி வைத்தது.
அப்பா விற்ற லாரியும்
புருலாய் அத்தையின் இரண்டு பெட்டைக் குதிரைகளும்
அதற்குள்தான் நிற்கின்றன.
மாதம் ஒருமுறை கதவு திறக்கும்.
குதிரையில் கால்வாசி வெளியே வரும்.
வாடகை அதன்மேல் ஏறிப் போய்விடும்.

ஆற்றல் அழிவதில்லை என்கிறார் பேராசிரியர்.
இரவு பத்திலிருந்து மூன்றுவரை
பார்சல் கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டு
காலை எட்டு மணி வகுப்பில் உட்கார்ந்திருந்த எனக்கு
அவரிடம் கேட்க ஒரு கேள்வி இருந்தது.
அதற்கான ஜெர்மன் வார்த்தையைத் தேடுவதற்குள்
தூங்கிப்போனேன்.

மேட்ச் முடிந்த சனிக்கிழமை.
மைதானத்துக்கு வெளியே குப்பைத்தொட்டி.
டார்ச்சோடு வந்துகொண்டிருந்தார் ஒரு வயதானவர்.
நான் முந்திக்கொண்டேன்.
பதினோரு பாட்டில்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
கையுறையைக் கழற்றி மூக்கைத் துடைத்துக்கொண்டார்,
அவ்வளவுதான்.
மெஷின் பத்தை விழுங்கி ஒன்றைத் துப்பியது.
எண்பது சென்ட்டுக்கு ரசீது.
நேற்றைய ரொட்டி வாங்கினேன்,
அது தொண்டையில் நின்ற இடம் இன்னும் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை அவரே வந்தார்.
திட்டத்தான் வருகிறார் என்று
மன்னிப்பை மனதுக்குள் அடுக்கிக்கொண்டு நின்றேன்.
பாலத்தைக் காட்டினார்.
இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் நீ,
ட்ராம் நிறுத்தம் பொது.
ஒரு வேற்றுமை உருபுகூடக் குறுக்கே நிற்கவில்லை.
இந்த ஊரில் எனக்கு முழுதாகப் புரிந்த முதல் பேச்சு.
டீட்மார் என்றார்.
ஜில்திஸ் என்றேன்.
ஈரக் கையுறைகளோடு கைகுலுக்கினோம்.

நரினிலிருந்து அத்தை கூப்பிட்டாள்.
படமும் குரலும் வேறு வேறு நேரத்தில் வந்தன.
'ஏதாவது பிடிமானம் கிடைத்ததா?'
நிலம் கிடைத்திருக்கிறது என்றேன்.
பாலத்திலிருந்து ட்ராம் நிறுத்தம் வரை.
'மேய்ச்சல் எப்படி?'
மேட்ச் நாளில் நன்றாக இருக்கும் அத்தை,
மழை பெய்தால்தான் ஒன்றும் முளைக்காது.

நான் சொன்னது அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ,
சிரித்தாள்.
முகம் திரையில் உறைந்து நின்றது.
குரல் மட்டும் வந்தது:
'குதிரை விலை ஏறிவிட்டது, தெரியுமா.'