ஏழு நிமிடம்

இரவு மூடும்போது தொண்ணூற்றாறு விழுக்காடு.
விடிந்தால் ஒன்றுமில்லை.
மேசைக் கண்ணாடி மட்டும்
இஸ்திரி போட்டு எடுத்த மாதிரி சுடும்.

ஆலை ஆபீஸ் கழித்துப்போட்ட லேப்டாப்.
முந்நூறு வெள்ளி கொடுத்து எடுத்து
லினக்ஸ் ஏற்றியவள் நான்தான்.
"ஓசியில் வந்தது ஓசி வேலைதான் காட்டும்"
என்றான் தம்பி வேந்தன், என் வைஃபையில் படம் பார்த்துக்கொண்டே.

பயாஸைக் கிளறினேன்.
கெர்னலை மாற்றிப் பழையதற்கே திரும்பினேன்.
மேலோட்டமாய் ஒரு தூக்கம், ஆழமாய் ஒன்று என
அதற்கு இரண்டு இருப்பதே அப்போதுதான் தெரியும்.
ஆழமானதையே கொடுத்தேன். கேட்கவில்லை.
சிகாமட் போய்
நூற்றெண்பது வெள்ளிக்குப் புது பேட்டரி.
அதுவும் விடிவதற்குள் செத்தது.

பிறகுதான் பதிவேட்டைத் திறந்தேன்,
முதல் நாளே திறந்திருக்க வேண்டியதை.

திங்கள், விழித்தது 1:19.
செவ்வாய் 2:47.
புதன் 1:22.
விழித்தது ஒவ்வொரு நாளும்
திரும்பப் படுக்கத் தெரியாமல்
மூடிக்கிடந்தபடியே கொட்டக்கொட்ட விழித்திருந்திருக்கிறது.
ஞாயிறு மட்டும் விழிக்கவேயில்லை.

ஞாயிறு.
லாபிஸில் ஞாயிறு ஓடாதது எது?

மறுநாள் எடைமேடையில்
இரவு கிராணி குணாளனின் பக்கங்களைப் புரட்டினேன்.
முதல் எண்ணெய் டாங்கர் வெளியே:
திங்கள் 1:12. செவ்வாய் 2:40. புதன் 1:15.
எல்லாவற்றுக்கும் ஏழு நிமிடம்.
ஆலை கேட், சூராவ், ரயில் கேட்,
அப்புறம் எங்கள் வீட்டுக் கால்வாய் முனை.
ஏழு நிமிடம்தான்.

டாங்கர் திரும்பும்போது தரை அதிரும்.
தரையோடு மேசை, மேசையோடு மவுஸ்,
ஒரு மயிரிழை.
அதன் சிவப்புக் கண் திறக்கும்.
நகத்தளவு ரிசீவர் உள்ளே போய்
"அக்கா வந்துட்டாங்க, எந்திரி" என்னும்.

அதைப் பிடுங்கி வைத்திருக்கலாம்.
அது வேறு வகை மனிதர்கள் செய்வது.
நான் ரூட்டாக நுழைந்து
அந்த ஒரு போர்ட்டுக்கு எழுப்பும் உரிமையைப் பறித்தேன்.
மறு பூட்டில் மறந்துவிடுமே என்று
விதி ஒன்றும் எழுதிவைத்தேன், கீழே தேதியோடு.

அன்றிரவு 1:30 வரை காத்திருந்தேன்.
டாங்கர் வந்தது.
தம்ளரில் தண்ணீர் நடுங்கியது.
மவுஸ் ஒருதரம் சிவந்து அணைந்தது.
லேப்டாப்பின் வெள்ளை விளக்கு
அதன்பாட்டுக்கு மெல்ல மூச்சுவிட்டது.
காலையில் தொண்ணூற்று மூன்று.

சாயங்காலம் லோடுக்கு வந்த ரோஸ்லியிடம்
சிரித்துக்கொண்டே சொன்னேன்:
ஒரு மாதமாய் என் பேட்டரியைத் தின்றது நீங்கள்தான்.

"அப்புறம் என்ன செய்தாய், வீடு மாறிவிட்டாயா?"

இல்லை. நீங்கள் வந்தால்
எழுந்திருக்கக் கூடாதென்று சொல்லிவைத்தேன்.

ஜன்னல் வழியாகச் சீட்டை வாங்கினார்.
கையெழுத்துப் போடாமல் கொஞ்சம் நின்றார்.
"என் வீட்டிலும் அப்படித்தான்" என்றார்.

வெற்று வண்டி, பதினாறு டன் இருநூற்று நாற்பது.
எழுதிக்கொண்டேன்.